புற்றுநோய்ச் சிகிச்சைக் காலத்தில் மூச்சும் தியானமும்: எதற்கு, எவ்வளவு, எப்போது

யாங்கூனில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால், முதல் கீமோவுக்கு நாள் குறிப்பதற்குள் இரண்டு யோசனைகள் வாசலுக்கு வந்துவிடும். பக்கத்து வீட்டு பர்மியப் பெரியவர், "தியான நிலையத்தில் பத்து நாள் உட்காரட்டும், மனசு தெளிந்தால் உடம்பும் தெளியும்" என்பார். சொந்தத்தில் மூத்த அத்தை, "அம்மனுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், வருகிற தீமிதியில் பூ மிதிக்கட்டும்" என்பார். இருவரும் நல்லதை நினைத்தே சொல்கிறார்கள். மனத்தைப் பழக்கினால் சிகிச்சைக் காலத்தைத் தாங்குவது எளிதாகிறது என்பதும் உண்மைதான். ஆனால் இருவருமே அளவைச் சொல்வதில்லை. எந்தத் தொல்லைக்கு எந்தப் பயிற்சி, ஒரு தடவைக்கு எத்தனை நிமிடம், கீமோ ஏறிய எத்தனையாவது நாளில், யாருக்கு அது ஆகாது என்பதெல்லாம் தெரியாமல் தொடங்குகிறவர்களில் பலர் ஒரு வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். சிலருக்குக் கெடுதலும் நேர்கிறது.

இந்தப் பயிற்சிகளால் கட்டி கரையாது. இதை மழுப்பாமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1989இல் அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல் வெளியிட்ட ஓர் ஆய்வு பெரிய பரபரப்பை உண்டாக்கியது. பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 86 பெண்களில், வாராந்தரக் குழு உரையாடலோடு வலிக்கான சுய அறிதுயிலும் (தன்னைத்தானே ஹிப்னாடிச நிலைக்குக் கொண்டுபோவது) பழகியவர்கள் சராசரியாக 36.6 மாதமும், பழகாதவர்கள் 18.9 மாதமும் வாழ்ந்ததாக அது சொன்னது. மனத்தால் ஆயுளை நீட்டலாம் என்று இன்றும் பரவும் பேச்சுக்கு அந்த எண்களே பெரிய ஆதாரமாகக் காட்டப்படுகின்றன. 2001இல் கனடாவில் பமீலா குட்வின் குழுவினர் 235 பெண்களிடம் அதே முறையைச் செய்து பார்த்தபோது கிடைத்தது 17.9 மாதமும் 17.6 மாதமும், வித்தியாசமே இல்லை. 2007இல் ஸ்பீகல் தாமே மறுபடி செய்து பார்த்தபோதும் மொத்தத்தில் ஆயுள் கூடவில்லை. ஆனால் குட்வின் ஆய்வில் குழுவுக்கு வந்தவர்களின் மன உளைச்சலும் வலியும் குறைந்திருந்தன, அதிலும் தொடக்கத்தில் உளைச்சல் மிகுந்திருந்தவர்களுக்கே பலன் அதிகம். நாம் எதிர்பார்க்க வேண்டியது இதைத்தான்.

சிகிச்சையை விட்டுவிட்டு இதை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்தும் மாற்று மருத்துவத்தை மட்டுமே நாடிய 281 பேரை, வழக்கமான சிகிச்சை பெற்ற 560 பேரோடு ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. முதல் கூட்டத்தாரின் இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயை மட்டும் எடுத்துக்கொண்டால் ஐந்தரை மடங்குக்கும் மேல்.

தொல்லைகளைக் குறைப்பதில் நிலைமை நம்பிக்கை தருகிறது. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் ஒருங்கிணைந்த புற்றுநோய் மருத்துவச் சங்கமும் 2023இல் கூட்டாக வெளியிட்ட நெறிமுறை, பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் விழிப்புநிலைத் தியானத்தைச் சிகிச்சையின்போதும் அதற்குப் பிறகும் பரிந்துரைக்கிறது. மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு யோகாவையும் சேர்த்துச் சொல்கிறது.

"வெள்ளணுக்கள் படையாகச் சென்று கட்டியைத் தின்பதாக நினைத்துப் பாருங்கள்" என்ற கற்பனைப் பயிற்சி 1970களில் அமெரிக்கக் கதிர்வீச்சு மருத்துவர் கார்ல் சைமன்டனால் பரவியது. இன்று கைப்பேசிக் காணொளிகளில் தமிழிலும் பர்மிய மொழியிலும் சுற்றுகிறது. அதைத் தவிர்ப்பதே நல்லது. அடுத்த ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தால் நோயாளி தன்னையே நொந்துகொள்வார்: "நான் சரியாக நினைக்கவில்லை போலிருக்கிறது." ஏற்கெனவே நோயைச் சுமப்பவர் தலையில் குற்ற உணர்ச்சியையும் ஏற்ற வேண்டியதில்லை. கற்பனை வேண்டுமென்றால் மனத்துக்கு இதமான ஓர் இடத்தை நினைத்தால் போதும். மவ்லமைன் கடலோரமோ, பிறந்த வீட்டுத் திண்ணையோ எதுவானாலும் சரி.

பத்து நாள் அமர்வு ஏன் இப்போது வேண்டாம்

உலகத்து மருத்துவமனைகளில் இன்று நடக்கும் விழிப்புநிலைத் தியான வகுப்புகளின் வேர்களில் ஒன்று பர்மாவில்தான் இருக்கிறது. 1979இல் ஜான் கபாட்-சின் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சி, ஜென், விபாசனா, யோகா ஆகியவற்றிலிருந்து எடுத்துத் தொகுத்தது. அந்த விபாசனா மேலைநாடுகளுக்குப் போன பெரிய வழிகள் இரண்டுமே யாங்கூன் வழிகள். ஒன்று பர்மியத் துறவி மஹாசி சயாடோ கற்பித்த முறை. மற்றது சுதந்திர பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயராக இருந்துகொண்டே 1952இல் தியான மையம் நிறுவிய ஊ பா கின் வழி. பிந்தியதை உலகெங்கும் கொண்டுபோன கோயங்கா 1924இல் மாண்டலேயில் பிறந்த இந்தியர், இந்துக் குடும்பத்தவர். தாங்க முடியாத ஒற்றைத் தலைவலிக்கு மார்ஃபின் ஊசி போட்டுக்கொண்டிருந்த அவர் 1955இல் ஊ பா கின்னிடம் போனபோது, தலைவலி தீர்வதற்காக என்றால் வர வேண்டாம் என்று முதலில் திருப்பி அனுப்பினாராம் குரு. கோயங்கா தாமே பல முறை சொன்ன செய்தி இது. நோய் தீர்க்கும் மருந்தாக இதை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பதில் குரு கறாராக இருந்தார்.

பத்து நாள் அமர்வு காலை 4 மணிக்குத் தொடங்கும். ஒரு நாளைக்குச் சுமார் பத்து மணி நேரம் தியானம், பேச்சு கிடையாது, மதியத்துக்கு மேல் புதியவர்களுக்குக் கொஞ்சம் பழமும் தேநீரும் மட்டும். மஹாசி நிலையங்களிலும் மதியத்துக்குப் பின் உணவில்லை. உடம்பு சரியாக இருப்பவருக்கு இது அரிய அனுபவம். கீமோ நடப்பில் இருப்பவருக்கு எடை இழப்பு, ஸ்டீராய்டால் ஏறும் சர்க்கரை, வேளைக்கு விழுங்க வேண்டிய மாத்திரை, பலரோடு ஒரே கூடத்தில் தங்குவதால் வரும் தொற்று என்று வரிசையாகச் சிக்கல்கள். ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரும் உறுதி அமர்வு இன்னொரு காரணத்தாலும் ஆகாது. வலியைப் பற்றிச் சொல்லும்போது அதற்கு வருவோம். சிகிச்சை முடிந்து ரத்த எண்ணிக்கை தேறிய பிறகு, நோயின் விவரத்தை நிலையத்தாரிடம் மறைக்காமல் சொல்லி, மருத்துவர் சம்மதித்தால் போகலாம். இப்போதைக்கு அதே வித்தையைப் பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாக வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

கவனத்தை எங்கே நிறுத்துவது

மஹாசி முறையில் கவனம் வயிற்றில் நிற்கும். மூச்சோடு அது எழுவதையும் தாழ்வதையும் மனத்துக்குள் குறித்துக்கொள்வார்கள். ஊ பா கின் வழியில் மூக்குத் துவாரத்துக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே உள்ள சின்ன இடத்தில் மூச்சுக் காற்று தொடுவதைக் கவனிப்பார்கள். புற்றுநோயாளிக்கு இந்த இரண்டு இடங்களுமே சில சமயம் ஒத்துவராது. ஈரல் புற்றுநோயில் வயிற்றில் நீர் கோத்தவர், குடல் அறுவை முடிந்து வயிற்றில் மலப் பை மாட்டியிருப்பவர், கருப்பை அகற்றியவர் ஆகியோரை வயிற்றையே கவனிக்கச் சொன்னால் பயம்தான் கூடும். வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை செய்து மூக்கு வழியே உணவுக் குழாய் போட்டவருக்கு மூக்கு நுனி எரியும். வெற்றிலை, புகையிலைப் பழக்கம் பரவலாக உள்ள பர்மாவில் இப்படிப்பட்டவர்கள் குறைவில்லை.

இவர்களுக்கு உள்ளங்கைகளோ பாதங்களோ நல்ல இடம். இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்து, லுங்கித் துணி கையில் படுவதை உணர்ந்தபடி ஐந்து நிமிடம் இருந்தால் போதும். கால் மரத்துப்போனவர்களுக்குக் கை. கையும் மரத்திருந்தால் சத்தம். தெருவில் விற்பவர் குரல், சைக்கிள் மணி, மின்விசிறி என்று காதில் விழுவதை ஒவ்வொன்றாகக் கேட்டு, விட்டுவிடலாம். உடம்பு முழுவதையும் தலைமுதல் கால்வரை கவனிக்கும் பயிற்சியில் கட்டி இருக்கும் இடத்துக்கு வரும்போது பலர் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். அந்த இடத்தைத் தாண்டிப் போகலாம். முழுவதும் கவனித்தால்தான் பயிற்சி என்று விதி எதுவும் கிடையாது.

கண்ணை மூடியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு கண்ணை மூடினாலே தரை ஆடுவதுபோல் தோன்றுகிறவர்கள் மாண்டலே பக்கம் இருக்கிறார்கள். பழைய அதிர்ச்சி எதுவாக இருந்தாலும், கண்ணைத் திறந்து நான்கடி தூரத்துத் தரையைப் பார்த்தபடி, முதுகு சுவரில் சாய்ந்திருக்கச் செய்வது பாதுகாப்பு. முன்பு மனநோய்க்கு மருந்து எடுத்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நீண்ட மௌன அமர்வு எதுவும் செய்யக் கூடாது.

மூச்சு: நிமிடத்துக்கு ஆறு

ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் தெம்பு இருக்கிறது என்றால் இதை எடுத்துக்கொள்ளலாம். மூக்கால் நான்கு நொடி உள்ளே, ஆறு நொடி வெளியே. நடுவில் அடக்குவது கிடையாது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று தடவை. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது. பதற்றத்தில் முடுக்கிவிடப்பட்ட நரம்பு மண்டலம் இறங்கிவருகிறது.

எண்ணிக்கொண்டிருக்கப் பிடிக்காதவர்களுக்கு ஜெபம் இருக்கிறது. 2001இல் இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 23 பேரை லத்தீன் மொழியில் மரியே வாழ்க ஜெபத்தையும், பிறகு "ஓம் மணி பத்மே ஹூம்" மந்திரத்தையும் சொல்ல வைத்து அளந்தார்கள். இரண்டிலுமே மூச்சு தானாக நிமிடத்துக்கு ஆறை ஒட்டி வந்து நின்றது. யாங்கூன் தமிழர்களில் இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் எல்லாரும் இருப்பதால் இது வசதி. "நம" என்று உள்ளே இழுத்துச் "சிவாய" என்று நீளமாக விடலாம். ஜெபமாலையோ திக்ரோ சொல்கிறவர்கள் ஒரு வரியை ஒரே வெளிமூச்சில் முடித்தால் அதே தாளம் வந்துவிடும். தியானம் என்றால் மதம் மாறுவதோ என்று தயங்கும் பெரியவர்களிடம் இப்படித் தொடங்குவது நல்லது.

இதில் வரும் பொதுவான பிழை, மெதுவான மூச்சை ஆழமான மூச்சாக நினைத்து மார்பு நிறைய இழுப்பது. இரண்டு நிமிடத்தில் தலை சுற்றும், விரல் நுனி குறுகுறுக்கும், உதடு மரக்கும். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோவதால் வருவது இது. நோய் முற்றிவிட்டது என்று பயந்துவிடுவார்கள். மூச்சைச் சின்னதாக்கி, வெளிமூச்சை மட்டும் நீட்டினால் சரியாகும். ரத்தசோகை இருந்தால் எப்படிச் செய்தாலும் தலை சுற்றலாம். அப்போது படுத்தபடி, மூன்றுக்கு நான்கு என்று குறைத்துக்கொள்ள வேண்டும்.

நுரையீரல் புற்றுநோயிலோ நெஞ்சில் நீர் கோத்தோ மூச்சு வாங்குகிறவரிடம் ஆறு என்று எண்ணச் சொல்வது கொடுமை. அவர் மேசைமேல் தலையணை வைத்து, முழங்கைகளை ஊன்றி முன்பக்கம் சாய்ந்து, உதட்டைக் குவித்து மெல்ல ஊதிவிடட்டும். கூடவே விசிறி. முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில், மூக்கிலும் கன்னத்திலும் காற்று படும்படி ஐந்து நிமிடம் வீசினால் மூச்சுத் திணறல் உணர்வு குறைகிறது என்பது ஆய்வில் காட்டப்பட்ட விஷயம். முகத்து நரம்புகளில் குளிர்காற்று பட்டால் மூளைக்குப் போகும் திணறல் செய்தி மட்டுப்படுகிறது. மின்வெட்டு ஓயாத யாங்கூனில் பனையோலை விசிறியே போதும். நோயாளியே வீசிக் களைத்துப்போகாமல் பக்கத்தில் இருப்பவர் வீச வேண்டும்.

யோகா வகுப்பில் கற்ற, வேகமாக மூச்சு விடும் கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை அடக்கும் கும்பகம் மூன்றையும் சிகிச்சை முடியும்வரை ஒதுக்கிவைக்கலாம். சீதளி தனி எச்சரிக்கைக்கு உரியது. குடல் புற்றுநோய்க்கு ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றிக்கொண்டவர்களுக்கு அடுத்த சில நாட்கள் குளிர்ந்தது எது பட்டாலும் தொண்டை இறுகி மூச்சே நின்றதுபோல் ஆகும். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து நாக்கைச் சுருட்டிக் குளிர்காற்றை இழுப்பது அதை வலிய வரவழைப்பதுதான்.

கீமோவும் குமட்டலும்

இரண்டு மூன்று கீமோவுக்குப் பிறகு சிலருக்கு மருந்து ஏறுவதற்கு முன்பே குமட்டும். மருத்துவமனை வாசலில் ஸ்பிரிட் வாடை, டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்தின் சிவப்பு நிறம், ஊசி போடும் நர்சின் குரல் எல்லாமே போதும். உடம்பு பழகிக்கொண்ட தொடர்பு இது. மணிச் சத்தத்துக்கு நாய்க்கு எச்சில் ஊறியதாகப் பள்ளியில் படித்தோமே, அதே பொறிமுறை. ஒருமுறை ஊன்றிவிட்டால் வாந்தித் தடுப்பு மாத்திரைகள் இதற்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. அதனால்தான் முதல் கீமோவிலேயே வாந்தி வராமல் பார்த்துக்கொள்வது எல்லாவற்றையும்விட முக்கியம். மாத்திரையை மிச்சப்படுத்துவதாக நினைத்து வாந்தி வந்தபின் போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கவே கூடாது.

மருந்துக்கு அடுத்தபடியாக இங்கே கைகொடுப்பது தசைத் தளர்வுப் பயிற்சி. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920களில் உருவாக்கியது. ஒரு தசைக் கூட்டத்தை ஐந்து முதல் ஏழு நொடி இறுக்கி, சட்டென்று விட்டு, இருபது முப்பது நொடி அந்தத் தளர்வைக் கவனிக்க வேண்டும். வலது கை முஷ்டியில் தொடங்கி இடது முஷ்டி, மேல் கை, நெற்றி, கண், தாடை, தோள், வயிறு, தொடை, கெண்டைக்கால், பாதம் என்று இறங்கி வர வேண்டும். மொத்தம் பதினைந்து இருபது நிமிடம். முழு பலத்தோடு இறுக்க வேண்டாம். பாதி பலம் போதும். கெண்டைக்காலுக்கு விரல்களை முன்னால் நீட்டினால் பிடித்துக்கொள்ளும், அதிலும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தால் மக்னீசியம் குறைந்தவர்களுக்கு. விரல்களை முகத்தை நோக்கி இழுக்க வேண்டும். அறுவை செய்த பக்கத்துக் கை, ரத்த நாளத்தில் நீண்ட குழாய் பொருத்திய கை, புற்றுநோய் பரவிய எலும்பை ஒட்டிய பகுதி ஆகியவற்றை இறுக்காமல், தளர்த்துவதை மட்டும் செய்ய வேண்டும்.

முதல் கீமோவுக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கி, தினம் இரண்டு வேளை வீட்டில் பழக வேண்டும். இதைத்தான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். கீமோ நாற்காலியில் உட்கார்ந்த பிறகு முதன்முதலாக ஒலிப்பதிவைக் காதில் மாட்டினால், நான்காவது தடவையில் அந்தக் குரலே குமட்டலைக் கூப்பிடும் மணியாகிவிடலாம். முதலில் வீட்டில் நூறு தடவை இதமாகப் பழகிய குரல் என்றால் அப்படி எளிதில் மாறாது. உணவுக்கும் இதே கணக்கு. 1978இல் இலீன் பெர்ன்ஸ்டைன் நடத்திய ஆய்வில் கீமோவுக்குச் சற்று முன் புது வகை ஐஸ்கிரீம் சாப்பிட்ட குழந்தைகளில் பலர் பிறகு அதைத் தொட மறுத்தார்கள். ஆகவே கீமோ அன்று காலையில் மொகிங்கா என்ற பர்மிய மீன் நூடுல்ஸ் சூப்போ, அம்மா கைப் பக்குவத்து மீன்குழம்போ வேண்டாம். பிடித்த சாப்பாட்டை இழக்க அதுவே வழி. பெரிய விருப்பமில்லாத ரொட்டியும் கஞ்சியும் அன்றைக்குப் போதும்.

மணிக்கட்டு அழுத்தத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். உள்பக்க மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கையை நோக்கி நோயாளியின் சொந்த விரல் மூன்றின் அகலம் தள்ளி, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே பெருவிரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்துவது. வீங்கிய கை, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் குறைந்து தொட்டாலே கன்றிப்போகும் கை என்றால் வேண்டாம்.

கதிர்வீச்சு முகமூடிக்குள்

தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது வலைபோன்ற பிளாஸ்டிக் முகமூடியைப் போட்டு மேசையோடு பொருத்திவிடுவார்கள். பத்துப் பதினைந்து நிமிடம் அசையக் கூடாது. முதல் நாளே மூச்சு முட்டிக் கத்தி நிறுத்தச் சொன்னவர்கள் உண்டு. வீட்டில் மல்லாந்து படுத்து, மெல்லிய துணியை முகத்தில் போட்டு, பக்கத்தில் ஒருவர் இருக்க, முதல் நாள் ஒரு நிமிடம், பிறகு இரண்டு, ஐந்து என்று கூட்டிப் பழகலாம். உள்ளே போனதும் வெளிமூச்சை மட்டும் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணி, மறுபடி ஒன்று. இயந்திரத்தின் சத்தத்தையே கவனப் பொருளாக வைத்துக்கொள்வது சிலருக்கு இன்னும் எளிது. கையை உயர்த்தினால் நிறுத்திவிடுவார்கள் என்பதை ஊழியரிடம் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

மார்புக்கோ வயிற்றுக்கோ கதிர்வீச்சு என்றால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: மேசைமேல் ஆழ்ந்த மூச்சு விடக் கூடாது. குறிவைத்த இடம் மூச்சோடு நகர்ந்துவிடும். அடக்கச் சொன்னால் அடக்குவது, இல்லையென்றால் சாதாரண மூச்சு. பயிற்சியையெல்லாம் காத்திருக்கும் பெஞ்சில் முடித்துக்கொள்ள வேண்டியதுதான். முகத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு போவதற்கும் முன்னால் கேட்க வேண்டும். தொண்டைக்குக் கதிர்வீச்சு நடக்கும் வாரங்களில் உரக்க ஓங்காரமோ தேவாரமோ வேண்டாம், மனத்துக்குள் சொன்னால் போதும். வாய்ப்புண் வந்திருக்கும்போது வாயால் மூச்சு விடுவது அதை இன்னும் உலர்த்தும்.

சோர்வுக்கு நடை

கீமோச் சோர்வு தூங்கினால் போவதில்லை. அதற்கு இருப்பதிலேயே வலுவான சான்று உடல் அசைவுக்குத்தான். உட்கார்ந்த தியானம் மட்டும் செய்துகொண்டு நாள் முழுக்கக் கட்டிலில் இருந்தால் தசை கரைந்து சோர்வு கூடும். மஹாசி முறையில் ஒரு மணி உட்கார்ந்தால் ஒரு மணி நடக்க வேண்டும் என்பதை வீட்டில் பழகுகிறவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். தூக்குகிறேன், நகர்த்துகிறேன், வைக்கிறேன் என்று ஒவ்வொரு அடியையும் குறித்துக்கொண்டு தாழ்வாரத்தில் காலை 5.30 மணிக்கு, வெயில் ஏறும் முன் பத்து நிமிடம் நடக்கலாம். வாரந்தோறும் இரண்டிரண்டு நிமிடம் கூட்டிக்கொண்டே போகலாம். கீமோ ஏறிய இரண்டு மூன்று நாள் ஐந்து நிமிடமாகக் குறைத்தால் தப்பில்லை. அடியோடு விட வேண்டாம்.

பாக்ளிடாக்செல், வின்கிரிஸ்டின், ஆக்ஸாலிபிளாட்டின் ஆகிய கீமோ மருந்துகளால் பாதம் மரத்தவர் சுவர் ஓரமாக நடக்க வேண்டும். வெறுங்கால் அவருக்கு ஆபத்து. ஷ்வேடகோன் பகோடாவிலும் கோயில்களிலும் செருப்புக்கு இடமில்லை. ஏப்ரல் மதியத்தில் பளிங்குத் தரை சுட்டுக் கொப்புளித்தாலும் மரத்த காலுக்குத் தெரியாது. விடியற்காலையிலோ பொழுது சாய்ந்தோ போய், வந்ததும் வீட்டார் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். தீமிதியைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் ஒன்று: கீமோவுக்குப் பின் ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் வெள்ளணு அடிமட்டத்துக்கு இறங்கும். அந்தச் சமயத்தில் உபவாசம், அலகு, கூட்டம் மூன்றுமே தொற்றுக்கு வழி. நேர்த்திக்கடனை மகனோ தம்பியோ ஏற்றுக்கொள்ளலாம், அல்லது சிகிச்சை முடிந்து செலுத்தலாம். பூசாரியிடம் கேட்டால் பெரும்பாலும் அவரே அப்படித்தான் சொல்வார்.

யோகாவில் எலும்புக்குப் பரவிய நோய் இருந்தால் முன்குனிவதும் முதுகை முறுக்குவதும் கூடாது, முதுகெலும்பு நொறுங்கலாம். மார்பக அறுவைக்குப் பின் வடிகுழாய் எடுக்கும்வரை கை தோளுக்கு மேல் போகக் கூடாது. வயிற்றில் பை இருப்பவர் குப்புறப் படுக்கும் ஆசனங்களையும், மூளையில் பரவல் உள்ளவர் தலைகீழ் ஆசனங்களையும் விட வேண்டும். பிளேட்லெட் 50,000க்குக் கீழே போனால் படுத்துச் செய்யும் மென்மையான அசைவுகள் மட்டும்.

தூக்கத்தில் யோகாவின் பலன் நன்றாகவே தெரிகிறது. கேரன் மஸ்டியன் 2013இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை முடித்த 410 பேரில் நான்கு வாரம், வாரத்துக்கு இரண்டு முறை, 75 நிமிடம் மென்மையான யோகா செய்தவர்கள் நன்றாகத் தூங்கினார்கள், தூக்க மாத்திரையையும் குறைத்தார்கள். ஆனால் கீமோவை ஒட்டி வரும் தூக்கமின்மைக்குப் பல சமயம் காரணம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. இரவு ஒன்பது மணிக்கு அதை விழுங்கிவிட்டுத் தியானம் செய்தால் தூக்கம் வராது. காலையிலேயே போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரைக் கேட்பதுதான் முதல் பயிற்சி.

வலி வந்தால்

விபாசனாவில் வலியை அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கப் பழக்குவார்கள். ஆரோக்கியமானவரின் முழங்கால் வலிக்கு அது பொருந்தும். புற்றுநோயாளியின் வலி செய்தியாகவும் இருக்கலாம். புதிதாக வந்த முதுகுவலியோடு கால் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ தண்டுவடம் நெருக்கப்படுவதாக இருக்கலாம். மணிக்கணக்கில் தாமதித்தாலே கால் வராமல் போகலாம். அன்றே மருத்துவமனை. தெர்மாமீட்டரில் 38 டிகிரி செல்சியஸ் காட்டினாலும் அதேதான். தெரிந்த வலிக்கு மாத்திரையைப் போட்டு, அது வேலை செய்யத் தொடங்கும் அரை மணி நேரத்தில் மூச்சைக் கவனிப்பது நல்ல சேர்க்கை. தியானம் பழகியதால் மார்ஃபின் மருந்தைக் குறைக்கிறேன் என்று தாமாகக் குறைக்கக் கூடாது.

ஒலிப்பதிவைப் பற்றி ஒரு குறிப்பு. இணையத்தில் கிடைக்கும் தமிழ்ப் பதிவுகள் பெரும்பாலும் நீளம், பின்னணி இசையும் சத்தம். வீட்டில் நிதானமாகப் பேசும் ஒருவர் கைப்பேசியில் பன்னிரண்டு நிமிடத்துக்குள் பதிந்து தரலாம். நோயாளி எந்த மொழியில் கணக்குப் போடுவாரோ அந்த மொழியில் பேச வேண்டும். பாட்டிக்குத் தமிழ், பேரனுக்கு பர்மிய மொழி என்று ஒரே வீட்டில் இரண்டு பதிவுகள் தேவைப்படலாம். ஒரு வாக்கியம் சொன்னபின் பத்து நொடியாவது பேசாமல் விட வேண்டும், பதியும்போது அது மிக நீளமாகத் தோன்றினாலும். "குணமாகிவிடும்", "நோய் போகிறது" என்ற சொற்கள் வேண்டாம். "தோள் தளர்கிறது", "மூச்சு வெளியே போகிறது" என்ற அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். கரண்ட் இருக்கும்போதே சார்ஜ் போட்டு, இணையம் இல்லாமலும் ஓடும்படி கைப்பேசியிலேயே சேமித்துவைத்து, ஒரே காதில் மட்டும் மாட்டிக்கொள்ளச் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மற்றக் காதில் விழட்டும்.